மிஸ்ஸி சும்மாதான் இருக்காங்க

ஜூலை 7, திங்கள்

காலையில் பள்ளி வாசலில் நின்று பஸ்ஸிலிருந்து பிள்ளைகளை இறக்கிவிட்டேன். அப்புறம் ஆபீஸ் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுத்தேன். மதியம் கேண்டீனில் வரிசை ஒழுங்கு. நடுவில் மிச்சம் கிடைத்த நேரத்தில் தாதி, பிள்ளைகளுக்கு மிஸ்ஸி.

தாதி வேலை என்றால் இன்றைக்கு இவ்வளவுதான்: மூக்கில் ரத்தம் வந்த ஒரு பையன், வயிற்றுவலி என்று பொய் சொன்ன இரண்டு பேர், வயிற்றுவலி இல்லவே இல்லை என்று பொய் சொன்ன ஒருத்தி. அவளுக்குத்தான் உண்மையில் வலி. மாதவிலக்கு, முதல் தடவை. என்ன நடக்கிறது என்று தெரியாமல் பாத்ரூமிலேயே நின்றிருக்கிறாள், பாவம். அவளோடு அரைமணி நேரமாவது உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தேன்.

அதற்குள் முன்மேசையில் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். தர்மேந்திரன் சார் அறை வாசலில் வந்து நின்றார். பள்ளி நிர்வாகம் முழுக்க அவர் கையில். "ஒரு பிள்ளைக்கு இவ்ளோ நேரமா மாதவி?"

உள்ளே அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் என்ன சொன்னேன்? "வரேன் சார்" என்றேன். போனேன். அதுதான் இப்போது எழுதும்போது எரிகிறது. போனேன்.

ஜூலை 9, புதன்

ஊழியர் கூட்டம். திரையில் ஒரு வட்டம் காட்டினார்கள். என்னுடைய வேலை நேரமாம். பச்சை, மஞ்சள், நீலம் என்று கேக் மாதிரி வெட்டியிருந்தார்கள். பாதிக்கு மேல் சாம்பல் நிறம். அதற்கு என்ன பெயர் தெரியுமா? 'நோயாளி இல்லாத நேரம்'.

"இந்த டைம் எல்லாம் வேஸ்ட்டா போகுது. நாம யூஸ் பண்ணிக்கலாம். மிஸ்ஸி சும்மாதான் இருக்காங்க" என்றார் தர்மேந்திரன். எல்லாரும் சிரித்தார்கள்.

திருடன் வராத ராத்திரியில் வாசலைக் காக்கும் ஜாகா சும்மாவா இருக்கிறார்? அவரைக் கூப்பிட்டுத் தட்டு கழுவச் சொல்வீர்களா? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சிரம்பான் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் பதினோரு வருடம் நின்றவள் நான். இரவு ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல்தான் லாபுப் பக்கம் இந்தத் தனியார் பள்ளிக்கு வந்தேன். தோட்டத்துக்காரர்கள் விற்ற ஒரு துண்டு நிலத்தில் கட்டிய பள்ளி. நான்கு பக்கமும் செம்பனை. அவசரம் என்றால் ஆம்புலன்ஸ் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த வட்டத்தில் எந்த நிறத்திலும் இல்லை.

சிரித்தவர்களில் ஜோசலினும் ஒருத்தி. முன்மேசை அவளுடையது. மம்பாவில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். மூன்று வருடமாகத் தினமும் என் காரில்தான் வருகிறாள், போகிறாள். திரும்பும்போது, "கோச்சுக்காதீங்கக்கா. போஸ் ஜோக் அடிக்கிறப்ப சிரிக்காம இருக்க முடியுமா லா" என்றாள். வழக்கம்போல வாழைப்பழப் பலகாரம் வாங்கிக் கொடுத்தாள். தின்றேன்.

ஜூலை 11, வெள்ளி

இன்றைக்கு ஒரே நல்ல விஷயம் யஷ்வினி.

நான்காம் ஆண்டு. அவள் உடம்பு இன்சுலின் சுரப்பதை ஆறு வயதிலேயே நிறுத்திவிட்டது. ஓய்வு நேரத்துக்கு முன்னால் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை என் அறைக்கு வருவாள். விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பேன். மதியம் ஊசியும் உண்டு. எந்த விரல் என்பதை அவள்தான் முடிவு செய்வாள். "கட்டை விரலுக்கு எம்.சி. லீவு மிஸ்ஸி. மோதிர விரல் இன்னிக்கு டூட்டி." சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

அவள் அம்மா நீலாவதி பக்கத்துத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. தமிழ்ப்பள்ளி வீட்டுக்கு எதிரிலேயே இருக்க, பிள்ளையை இங்கே கொண்டுவந்து சேர்த்ததற்கு ஒரே காரணம் என் அறை. சேர்க்க வந்த அன்றைக்குத் தர்மேந்திரன் அந்த அறையைத் திறந்து காட்டினார், நான் பக்கத்தில் நின்றேன். "முழு நேரமும் தாதி இருக்காங்கம்மா, பயப்படாதீங்க." நீலாவதி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 15, செவ்வாய்

வியாழக்கிழமை ஓப்பன் டே. புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர்கள் வந்து பார்க்கும் நாள். நான் வெள்ளை யூனிஃபார்ம் போட்டு ஹால் வாசலில் நிற்க வேண்டுமாம். "உங்கள பாத்தா பேரன்ட்ஸுக்கு ஒரு கான்ஃபிடன்ஸ் மாதவி."

"அறையில யாரு சார் இருப்பா?"

"அடிக்கடி போயி எட்டிப் பாத்துக்குங்க. ஒரு நாள்தானே."

ஒரு நாள்தானே. பஸ்ஸும் ஒரு நாள்தானே என்றுதான் ஆரம்பித்தது. கேண்டீனும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து கத்தினேன். என் வீட்டுக்காரர் குணாளன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "என்கிட்ட கத்துறத அங்க கத்தலாம்ல" என்றார். அவர் மேலயும் கோபம் வந்தது.

ஜூலை 17, வியாழன்

எழுத முடியவில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறாள்.

ஜூலை 18, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். வேறு யாரும் அப்படிச் சொல்லப் போவதில்லை என்று இப்போதே தெரிகிறது.

காலையிலிருந்து நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் திடலில் நடனம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில். யஷ்வினியும் ஆடுகிறாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் ஆடுவதற்கு முன்னாலேயே ஒருமுறை பார்த்து, பிஸ்கட் கொடுத்திருப்பேன். வழக்கம்போல ஓய்வு நேரத்துக்கு முன்னால் வருவாள் என்று எல்லாம் எடுத்து வைத்திருந்தேன்.

அப்போது ஜோசலின் ஓடி வந்தாள். "அக்கா, போஸ் ஒடனே வரச் சொல்றாரு. காருங்க வர ஆரம்பிச்சிருச்சு."

"யஷ்வினி வருவா ஜோசலின். டெஸ்ட் முடிச்சிட்டு வரேன்."

"ஐயோ, என்னயத்தான் ஏசுவாரு. நீங்க போங்க, நான் பாத்துக்கறேன். அவ வந்தா ஒடனே வந்து கூப்பிடறேன்."

மருந்து இருக்கும் அறை. ஆளில்லாமல் திறந்து போடக்கூடாது. பூட்டினேன். சாவி என் பாக்கெட்டில்.

ஹால் வாசலில் நின்றேன். சிரித்தேன். வணக்கம், குட் மார்னிங், சிலாமாட் டாத்தாங். தர்மேந்திரன் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து என் தோளைத் தொடாத குறையாக நின்று, "இவங்கதான் நம்ம முழு நேர நர்ஸ். சிரம்பான் ஆஸ்பத்திரியில இருந்தவங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா என்னிடம் ஏதோ கேட்கிறார். அப்போதுதான் மாரியம்மா அக்கா கத்தியது கேட்டது. துப்புரவு வேலை செய்கிறவர். தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வருகிறவர். கையில் மாப்போடு ஹாலுக்கு நடுவிலேயே ஓடி வந்தார். "மிஸ்ஸி! ஒங்க ரூம் வாசல்ல புள்ள கெடக்குது மிஸ்ஸி!"

ஓடினேன். நடன உடுப்பில், பூட்டிய கதவில் சாய்ந்து சரிந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. கண் பாதி திறந்து இருக்கிறது, ஆனால் அவள் இல்லை. சர்க்கரை இறங்கினால் வாயில் போட அவளுடைய இனிப்பு எப்போதும் புத்தகப் பையில் இருக்கும். பை வகுப்பில். நடன உடுப்பில் பாக்கெட் கிடையாது. கிறுகிறுத்ததும் எங்கே வர வேண்டுமோ அங்கே சரியாக வந்திருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே. மிஸ்ஸிகிட்ட வா, வேற எங்கயும் போகாத.

வந்தா. நான் இல்ல.

சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். அதற்குள் வலிப்பு வந்துவிட்டது. ஒருக்களித்துப் படுக்க வைத்து மாரியம்மா அக்காவைத் தலையைப் பிடிக்கச் சொன்னேன். ஃப்ரிட்ஜில் நீலாவதி வாங்கி வைத்திருந்த ஊசி, சர்க்கரையை ஏற்றுவது, அதைத் தொடையில் போட்டேன். மீட்டரில் ஒன்று புள்ளி ஒன்பது; நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்க வேண்டியது. வார்டில் எத்தனையோ தடவை பார்த்த எண்தான். ஆனால் அங்கே பக்கத்தில் டாக்டர் இருப்பார். இங்கே நானும் மாப்பும் மாரியம்மா அக்காவும்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வலிப்பு நின்றது. கண் திறந்து, "ரெண்டு தடவ தட்டுனேன் மிஸ்ஸி" என்றாள்.

ஜோசலின் எங்கே என்று பிறகுதான் தோன்றியது. ஹாலில் வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தாளாம்.

ஜூலை 19, சனி

பெற்றோரிடம் யாரும் தனியாகப் பேசக்கூடாது என்று தர்மேந்திரன் உத்தரவு. போனேன். போடா நீயும் உன் உத்தரவும்.

யஷ்வினி ஆஸ்பத்திரியில் தூங்கிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். மூளைக்கு எதுவும் ஆகவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீலாவதி எழுந்து என்னை வெளியே வராந்தாவுக்குக் கூட்டி வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எல்லாம் சொன்னேன். யார் கூப்பிட்டது, யார் பார்த்துக்கொள்கிறேன் என்றது, சாவி யாரிடம் இருந்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "வரமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மிஸ்ஸி?" என்றார்.

கீழே இறங்கி வந்தேன். தர்மேந்திரன் மேல் இருந்த கோபம், ஜோசலின் மேல் இருந்த கோபம், எல்லாம் கார் பார்க்கிங் வரை என்னோடு வந்தது. காரில் உட்கார்ந்ததும் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தது. வரேன் சார். சரி சார். மூன்று வருடம் இதைத்தானே சொன்னேன்? நான் சரி என்ற ஒவ்வொரு தடவையும் அந்த அறையில் ஆள் இல்லை.

ஆனாலும், ஏன் நான்தான் முடியாது என்று சொல்ல வேண்டும்? கூப்பிடாமல் இருப்பது அவர்கள் வேலை இல்லையா?

ஜூலை 21, திங்கள்

தர்மேந்திரன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். குரல் தேன். "வியாழக்கிழமை யஷ்வினியோட அப்பா அம்மா வராங்க. நீங்க சும்மா ஹால எட்டிப் பாக்க வந்தீங்க, டைம் போனது தெரியல, அவ்ளோதான். உங்களுக்கும் பிரச்சன இல்ல, ஸ்கூலுக்கும் பிரச்சன இல்ல."

"நீங்க கூப்பிட்டு அனுப்புனீங்க சார்."

"நான் யாரையும் அனுப்பலயே. ஜோசலின கேளுங்க."

கேட்டேன். காரில், அவள் வீட்டு முன்னால் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு ரெண்டு புள்ளைங்கக்கா. அவரு சம்பளமும் இல்ல, என் சம்பளம் மட்டுந்தான். ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியும். அவள் புருஷன் விட்டுப் போன அன்றைக்கு என் வீட்டில்தான் படுத்திருந்தாள். அதனாலதான் கேக்கறேன் ஜோசலின்! நீ கூடச் சொல்லலேன்னா வேற எவ சொல்லுவா?

கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் மழை. தெரு முனையில் ஜோசலின் குடையோடு நின்றாள். நிறுத்தவில்லை.

ஜூலை 24, வியாழன்

கூட்டம். தர்மேந்திரன், நீலாவதி, அவர் கணவர், ஜோசலின், நான். மாரியம்மா அக்காவைக் கூப்பிடவில்லை. பிள்ளையைக் கண்டுபிடித்தவர் அவர். கேட்டதற்கு, தேவையில்லை என்றார்கள்.

தர்மேந்திரன் அழகாகச் சொல்லிக்கொண்டு போனார். தாதி தானாகவே ஹாலுக்கு வந்துவிட்டார், வருத்தத்துக்குரிய சம்பவம், பள்ளி இதைக் கடுமையாக எடுத்துக்கொள்கிறது. நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். ஜோசலினைக் கேட்டார்கள். மேசையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குச் சரியா ஞாபகம் இல்ல சார்" என்றாள்.

அந்த நிமிடம் எனக்கு மேசையைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது.

நீலாவதி எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. "யாரு கூப்பிட்டா, யாரு போனா, அத விடுங்க சார்" என்றார். "மிஸ்ஸி இல்லாதப்ப என் புள்ள வந்து கதவு தட்டுனா யாரு தொறக்கணும்? அத மட்டும் சொல்லுங்க."

தர்மேந்திரன் நடைமுறையை மறுபரிசீலனை செய்கிறோம் என்றார்.

"அப்ப யாருமில்ல" என்றார் நீலாவதி. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிள்ளையை எடுத்துவிடுகிறாராம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு.

"அம்மா, அங்க நர்ஸே கெடையாதும்மா!" என்றார் தர்மேந்திரன். உண்மையிலேயே பதறிவிட்டார்.

"ஆமா சார். நர்ஸ் இல்லன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். அதனால எல்லாரும் பாப்பாங்க. இங்க நர்ஸ் இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டு ஒருத்தரும் பாக்கல."

ஜூலை 25, வெள்ளி

எனக்கு வாய்மொழியாக எச்சரிக்கை. 'கவனக்குறைவு'. சொல்லி முடித்த கையோடு, திங்கட்கிழமையிலிருந்து பஸ் டூட்டியை மறந்துவிட வேண்டாம் என்றார் தர்மேந்திரன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே சிரித்தேன். அவர் பயந்துபோய்ப் பார்த்தார்.

ஜூலை 28, திங்கள்

பஸ்ஸுக்குப் போகவில்லை. அறையைத் திறந்து வைத்து உள்ளே உட்கார்ந்தேன். முன்மேசைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. "முடியாது" என்றேன். எவ்வளவு சின்ன வார்த்தை. இதைச் சொல்லத்தான் ஒரு பிள்ளை கீழே விழ வேண்டியிருந்ததா? வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

நாள் முழுக்க அறையில் இருந்தால் என்ன நடக்கிறது தெரியுமா? பிள்ளைகள் வருகிறார்கள். இத்தனை நாளும் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள். காலையில் சாப்பிடாமல் வந்து தலைசுற்றும் ஒருத்தன். கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும் ஒருத்தி. முன்பு ஒருமுறை முதல் வலியோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண், இன்னொருத்தியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். "மிஸ்ஸிகிட்ட சொல்லு, ஏச மாட்டாங்க."

அந்தச் சாம்பல் நிறம் முழுக்க இவர்கள்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எதிர்பார்த்ததுதான். ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, நீட்டிக்கப் போவதில்லை. 'ஒத்துழைப்பு இல்லை.' அடுத்து வருகிற பெண் இளையவளாம், படித்து முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லையாம். அவளையும் தர்மேந்திரன் பஸ்ஸுக்கு அனுப்புவான். அனுப்புவார். இல்லை, அனுப்புவான் என்றே எழுதுகிறேன், என் நோட்டு.

குணாளன், "விடு, நல்லதுக்குத்தான்" என்றார். நல்லதுக்கு இல்ல! எனக்கு அந்த அறை பிடிக்கும். அதை ஏன் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை?

ஆகஸ்ட் 29, வெள்ளி

கடைசி நாள். மாரியம்மா அக்கா மட்டும் வாசல் வரை வந்தார். "நீ போனா புள்ளைங்க எங்கிட்டதான் வரும். நான் என்னாத்தப் பாப்பேன் தாயி" என்றார். மயக்கம் போட்டால் ஒருக்களித்துப் படுக்க வைப்பதை இன்னொரு தடவை காட்டிக் கொடுத்தேன். அவருக்கு ஏற்கெனவே நன்றாக ஞாபகம் இருந்தது.

புதுப்பெண்ணிடம் சாவியைக் கொடுத்தபோது, "ஹாலுக்குக் கூப்பிட்டா என்ன சொல்லணும் தெரியுமா?" என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தாள். சொல்லிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 10, புதன்

சிரம்பானில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. எல்லாரும் பெரியவர்கள். ஒருவரும் பொய் சொல்வதில்லை. சலிப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

நீலாவதியிடமிருந்து போன். பெயரைப் பார்த்ததும் பிள்ளைக்குத்தான் ஏதோ என்று எடுத்தேன்.

ஒன்றுமில்லை, யஷ்வினி நன்றாக இருக்கிறாளாம். ஆபீஸுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவே ஓடி ஓடி நீலாவதிதான் களைத்துவிட்டார். டீச்சர்களுக்கு ஊசியைக் கண்டால் பயம். ஒருநாள் வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

பிறகு, "அந்த முன்மேச அக்கா போன் பண்ணாங்க மிஸ்ஸி. அழுதாங்க. அவங்கதான் ஒங்கள கூப்பிட்டுப் போனாங்களாம்" என்றார்.

இப்ப சொல்றியா? எல்லாம் முடிஞ்சப்புறம், போன்ல, யாரும் பாக்காதப்ப? அன்னிக்கு அந்த மேசையில ஒரே ஒரு வார்த்த போதும்டி. ஒரே ஒரு வார்த்த.

நீலாவதியிடம் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். இதற்கு யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

அக்டோபர் 4, சனி

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி: மூன்று வகுப்பறை, ஒரு கேண்டீன், பின்னால் செம்பனை. தலைமையாசிரியை அந்தோனியம்மாள், இரண்டு டீச்சர்கள், கேண்டீன் செல்லம்மா. நான்கு பேரும் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

சொல்லிக் கொடுத்தது நான் இல்லை, யஷ்வினி. தன் விரலைத் தானே குத்திக்கொள்கிறாள் இப்போது. "டீச்சர், நடுவுல குத்தாதீங்க, ஓரத்துல குத்துங்க. நடுவுல குத்துனா வலிக்கும்" என்று அதட்டினாள். அந்தோனியம்மாள், "சரிம்மா, சரிம்மா" என்றார்.

எல்லாரையும் தங்கள் விரலிலேயே குத்திப் பழகச் சொன்னேன். செல்லம்மாவின் எண் பதினைந்தைத் தாண்டியது. "மெஷின் கெட்டுப்போச்சு போல" என்றார். மறுபடி பார்த்தேன், அதேதான். எத்தனை நாளாக அடிக்கடி தாகம், கால் எரிச்சல் என்று கேட்டால், அதெல்லாம் ரொம்ப நாளா இருக்கு என்கிறார், ஏதோ வானிலை சொல்வதுபோல. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவரைப் பிடித்துத் திட்டினேன். திங்கட்கிழமையே கிளினிக் போக வேண்டும், போகாவிட்டால் நானே வந்து இழுத்துக்கொண்டு போவேன் என்றேன். நீலாவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

கிளம்பும்போது அந்தோனியம்மாள் என் நம்பரைக் கேட்டார். "எங்களுக்குச் சந்தேகம்னா கூப்பிடலாமா மிஸ்ஸி? வேல நேரமா இருக்குமே."

கூப்பிடச் சொன்னேன்.

அக்டோபர் 6, திங்கள்

ஒரு நோயாளிக்கு மெஷினை இணைத்து முடித்துக் கையுறையைக் கழற்றும்போது போன் அடித்தது. பக்கத்துப் படுக்கை ஓரத்திலிருந்து தலைமை சிஸ்டர் என் பெயரைச் சொல்லி அழைத்தார். "ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போனேன்.

அந்தோனியம்மாள். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். "மிஸ்ஸி, ஆறு புள்ளி ரெண்டு காட்டுது. நான்தான் குத்துனேன். இவ இப்ப சாப்பிடலாமா?"

"சாப்பிடலாம் டீச்சர்" என்றேன்.